பழைய மென்பொருளைப் பொதியாக்குதல்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

நீலகிரியில் பழைய ஃபிளாப்பிகளும் குறுந்தகடுகளும் இன்னும் பல அலமாரிகளில் கிடக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலைகளில் பசுந்தேயிலை வரவைக் கணக்கிட எழுதிய நிரல்கள், பள்ளிகளுக்கென ஆர்வலர்கள் எழுதிய தமிழ்த் தட்டச்சு நிரல்கள், முத்தோரையில் 1970 முதல் இயங்கிவரும் வானொலித் தொலைநோக்கியால் வானியலில் நாட்டம் கொண்டவர்கள் சேர்த்துவைத்த ஃபோர்ட்ரான் மொழி நிரல்கள் என அவற்றில் பல வகை உண்டு. இவற்றுள் காக்கத் தகுந்தவற்றை டெபியன் போன்ற கட்டற்ற லினக்ஸ் மென்பொருள் தொகுப்பில் பொதியாக, அதாவது நேரே நிறுவத்தக்க வடிவில், சேர்க்க முனைவோர் எதிர்கொள்ளும் சிக்கல்களையும் அவற்றின் தீர்வுகளையும் அறிகுறி வாரியாக இங்கே தருகிறேன். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே செல்லலாம்.

எந்த அறிகுறிக்கும் முன்பாக ஒரு விதி உண்டு. கையில் கிடைத்த மூலநிரலை ஓர் எழுத்துகூட மாற்றாமல், கோப்புகளின் பழைய தேதிகளோடு ஒரே தொகுப்புக் கோப்பாக்கி, அதன் ஷா256 மதிப்பை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும், கைரேகை போன்ற குறி) குறித்துவைத்துவிட்டு, பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். நாம் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் தனி பேட்ச் கோப்பாக, எதற்காகச் செய்தோம் என்ற விளக்கத்தோடு இருக்க வேண்டும். டெபியனின் ‘3.0 குவில்ட்’ மூலப்பொதி வடிவம் இதற்கு நன்கு இடம் தருகிறது: மூலத் தொகுப்பு ஒரு கோப்பாகவும், பேட்ச்கள் தனி அடைவிலும் இருக்கும். 1988இல் எழுதியவர் என்ன எழுதினார், பின்னாளில் நாம் என்ன சேர்த்தோம் என்பதை எவரும் பிரித்துப் பார்க்க முடிந்தால்தான் அந்தப் பொதி வரலாற்றுக்கும் உதவும், ஓடவும் செய்யும். கீழே சொல்லும் ஒவ்வொரு தீர்வும் இந்த விதிக்கு உட்பட்டதே.

ஃபிளாப்பி படிக்க மறுக்கிறது, அல்லது பாதியில் நின்றுவிடுகிறது

உதகை கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மூடுபனியும் ஈரமும் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே இங்கே முதலில் ஐயப்பட வேண்டியது பூஞ்சையைத்தான். ஃபிளாப்பியின் உலோக மூடியைத் தள்ளி, வட்டை மெல்லச் சுழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெண்புள்ளிகளோ மங்கிய படலமோ தெரிந்தால் அதை டிரைவுக்குள் நுழைக்கவே கூடாது. படிக்கும் முனையில் ஒட்டிக்கொள்ளும் பூஞ்சை அடுத்த வட்டையும் கீறிக் கெடுத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்து, வெயிலில் வைக்காமல், அறைக்குள்ளேயே முழுவதும் உலரவிட்ட பின்னர்தான் படிக்க முயல வேண்டும். குளிர்ந்த அலமாரியிலிருந்து எடுத்த வட்டைச் சூடான அறையில் உடனே பயன்படுத்தினால் அதன் மேல் ஈரம் படியும் என்பதால், சில மணி நேரம் விட்டுவைப்பது நல்லது.

படி எடுக்க ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ நிரலை அதன் வரைபடக் கோப்போடு பயன்படுத்துங்கள். எந்தப் பகுதி படிக்கப்பட்டது, எது மிச்சம் என்பதை அந்தக் கோப்பு நினைவில் வைத்துக்கொள்வதால், மழைக்காலத்தில் நடுவே மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்றரை அங்குல, 1.44 எம்பி வட்டில் 80 தடங்கள், 2 பக்கங்கள், தடத்துக்கு 18 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட்டுகள் என்பதால், முழுப் படியின் அளவு சரியாக 14,74,560 பைட்டுகள் இருக்க வேண்டும். குறைந்தால் படி முழுமையடையவில்லை. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ்கள் வழக்கமான வடிவங்களை மட்டுமே அறியும். வேறு வடிவ வட்டுகளுக்குப் பழைய டிரைவையும் கிரீஸ்வீசல் போன்ற பலகையையும் கொண்டு காந்த மாற்றங்களையே அப்படியே பதிவுசெய்ய வேண்டியிருக்கும்.

வட்டு படித்துவிட்டது, உள்ளே இருக்கும் கோப்பு திறக்கவில்லை

பெயரின் இறுதியில் பெரிய ‘இசட்’ எழுத்து மட்டும் இருந்தால் அது பழைய கம்ப்ரெஸ் நிரல் சுருக்கிய கோப்பு. இன்றைய ஜிஜிப் அதைத் திறக்கும். ‘ஷார்’ கோப்பு என்பது உண்மையில் ஒரு ஷெல் நிரல். அதை நேரே ஓட்டாமல், முதலில் எடிட்டரில் படித்துப் பார்த்துவிட்டு, உரிமைகள் குறைந்த தனிப் பயனர் கணக்கில் பிரித்தெடுங்கள்.

பழைய டெபியன் வெளியீட்டிலிருந்து பொதி இறங்க மறுக்கிறது

பழைய நிரலை இன்றைய கணினியில் கட்டும் முன்பு, அது பிறந்த காலத்துச் சூழலில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது மிக அவசியம் என்று கருதுகிறேன். சரியான வெளியீடு எப்படி இருக்கும் என்று தெரியாமல் திருத்தத் தொடங்கினால், எது வழு, எது நிரலின் இயல்பு என்று பிரித்தறிய வழியே இராது.

கோப்பு இல்லை என்ற 404 பிழை வந்தால், அந்த வெளியீடு வழக்கமான கண்ணாடித் தளங்களிலிருந்து (பிரதித் தளங்களிலிருந்து) டெபியனின் ஆவணக் களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டிருக்கும். மூல முகவரிப் பட்டியலில் அந்த ஆவணக் களஞ்சியத்தைக் குறிப்பிட வேண்டும். 2005 முதலான பொதிகளை நாள் வாரியாகச் சேமித்துவரும் ஸ்னாப்ஷாட் சேவையில், குறிப்பிட்ட ஒரு நாளில் களஞ்சியம் இருந்த நிலையையே மீட்டெடுக்கலாம். வெளியீட்டுக் கோப்பின் காலம் முடிந்துவிட்டது என்று, பொதிகளை இறக்கும் ஆப்ட் நிரல் சொன்னால், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் ‘செக்-வேலிட்-அன்டில்’ சோதனையை நிறுத்துங்கள். கையொப்பச் சாவி காலாவதியானது என்றால், டெபியனின் சாவிப் பொதியில் நீக்கப்பட்ட பழைய சாவிகள் தனிக் கோப்பாகத் தரப்படுகின்றன, அதைச் சுட்டலாம். ‘டிரஸ்டட்’ என்று எழுதிச் சோதனை முழுவதையும் தவிர்ப்பது எளிது. ஆயினும் வரலாற்று மூலத்தைக் காக்கும் வேலையில் அது எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்றை நாமே கைவிடுவது எனக்கு ஏற்புடையதன்று. வேறு வழியே இல்லாத மிகப் பழைய வெளியீடுகளுக்கு மட்டும் அதைச் செய்து, செய்ததைக் குறித்தும் வையுங்கள்.

பழைய சூழல் இறங்கியது, ஆனால் உள்ளே நுழைந்தவுடன் சத்தமின்றிச் சாகிறது

2013இல் வந்த டெபியனின் ‘வீசி’ வெளியீட்டையோ அதற்கும் முந்தையதையோ 64-பிட் கன்டெய்னராக (கணினியின் கெர்னலையே பயன்படுத்தும் தனிச் சூழலாக) இன்றைய கணினியில் திறந்தால், ஷெல்லே நினைவகப் பிழையோடு உடனே முடிந்துபோவதுண்டு. அதிலிருக்கும் ஜிலிப்சி 2.13 என்ற அடிப்படை சி நூலகம் நேரம் அறிவது போன்ற சில வேலைகளுக்கு ‘விசிஸ்கால்’ என்ற பழைய நினைவகப் பக்கத்தை நேரே அழைக்கும். பாதுகாப்பு கருதி அந்தப் பக்கத்தை முற்றிலும் அணைத்து வைத்திருக்கும் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) அழைப்பு தோற்றுவிடும். கெர்னல் தொடக்க வரியில் ‘விசிஸ்கால்=எமுலேட்’ என்று சேர்த்து மறுதொடக்கம் செய்தால் போதும். அதைச் செய்ய உரிமை இல்லாத பொதுக் கணினியானால், கியூஎமு என்ற மெய்நிகர்க் கணினி நிரலைக் கொண்டு அந்தக் காலத்துக் கெர்னலோடேயே முழுக் கணினியாக ஓட்டுங்கள்.

கம்பைல் ஆகவில்லை

மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவதே கம்பைல் செய்தல். சி மொழியில் எழுதிய பழைய நிரல்களில் மிக அதிகமாகக் காணப்படும் அறிகுறி இதுதான். பிழைச்செய்தி எதைச் சொல்கிறதோ அதைக் கொண்டு காரணத்தைப் பிரிக்கலாம்.

ஒரே மாறி பல இடங்களில் வரையறுக்கப்பட்டுள்ளது என்று இணைக்கும் கட்டத்தில் வந்தால், 2020இல் வெளியான ஜிசிசி 10 கம்பைலர் தன் இயல்புநிலையை மாற்றியதே காரணம். தலைப்புக் கோப்பில் ‘எக்ஸ்டர்ன்’ இன்றி அறிவித்த மாறிகளை முந்தைய பதிப்புகள் ஒன்றாக இணைத்துவந்தன. ‘எஃப்காமன்’ விருப்பத்தைக் கொடுத்தால் பழைய நடத்தை திரும்பும்.

அறிவிக்காத செயற்கூறு, வகை சொல்லாத மாறி என்றெல்லாம் வரும் செய்திகள் நெடுங்காலம் எச்சரிக்கைகளாக மட்டுமே இருந்தன. 2024இல் வந்த ஜிசிசி 14 அவற்றைப் பிழைகளாக்கியது. அடுத்த ஆண்டு வந்த ஜிசிசி 15 சி23 தரத்தை இயல்பாகக் கொண்டதால், ‘பூல்’ என்று சொந்தமாக ஒரு வகையை வரையறுத்துக்கொண்ட நிரல்களும், அடைப்புக்குறிக்குள் எதுவும் எழுதாமல் செயற்கூறுகளை அறிவித்த நிரல்களும் நின்றுபோகின்றன. ‘எஸ்டிடி=ஜிஎன்யு89’ என்று கொடுத்தால் பெரும்பாலானவை கம்பைல் ஆகிவிடும். அந்த நிரல் அந்தத் தரத்தில்தான் எழுதப்பட்டது என்பதால் இது நேர்மையான தீர்வும்கூட.

ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அறிவிக்காத செயற்கூறு முழுஎண்ணைத் திருப்பித் தருவதாகவே பழைய சி கொள்ளும். ‘கெட்என்வ்’ போல முகவரியைத் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்று இவ்வாறு அறிவிப்பின்றி அழைக்கப்பட்டால், 64-பிட் கணினியில் முகவரியின் மேற்பாதி வெட்டப்பட்டு, கம்பைல் ஆன நிரல் ஓடும்போது விழும். ஜிஎன்யு89 விருப்பம் இந்தக் குறையைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. ஆகவே அறிவிப்பற்ற செயற்கூறுகளுக்கான எச்சரிக்கையைத் தனியே இயக்கி, வரும் பட்டியலில் முகவரி தருபவற்றுக்கெல்லாம் உரிய தலைப்புக் கோப்பைச் சேர்க்கும் பேட்ச் ஒன்றை எழுதுங்கள்.

‘கெட்லைன்’ என்ற பெயரில் முரண் என்றால், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 2008ஆம் ஆண்டு பாசிக்ஸ் தரம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. நிரலின் சொந்தச் செயற்கூறுக்கு வேறு பெயரிடுங்கள். ‘எர்நோ’ குறித்து இணைப்புப் பிழை வந்தால், நிரல் அதைத் தானே முழுஎண்ணாக அறிவித்திருக்கும். அந்த வரியை நீக்கி உரிய தலைப்புக் கோப்பைச் சேர்த்தால் தீரும். ‘சிஸ்_எர்லிஸ்ட்’ காணவில்லை என்றால், ஜிலிப்சி 2.32 அதைப் புதிய நிரல்களுக்குத் தருவதை நிறுத்திவிட்டது. ‘எஸ்டிஆர்எரர்’ கொண்டு மாற்றுங்கள். கணினி வகையை அறிய முடியவில்லை என்று, கட்டும் முன் கணினியை ஆராயும் கான்ஃபிகர் நிரல் நிற்பது ராஸ்பெர்ரி பை போன்ற ஆர்ம் கணினிகளில் வழக்கம், ‘கான்ஃபிக்.கெஸ்’, ‘கான்ஃபிக்.சப்’ ஆகிய இரண்டின் புதிய பதிப்புகளை, மூலத்தைத் தொடாமல், கட்டும் நேரத்தில் மட்டும் மேலே வைத்தால் போதும்.

கம்பைல் ஆகிறது, ஆனால் ஒரு கணினியில் முடிவின்றி ஓடுகிறது, மற்றொன்றில் பாதியிலேயே நிற்கிறது

இந்த அறிகுறியை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பலர் இதற்குத் தவறான தீர்வைத் தேர்ந்துவிடுகிறார்கள். பசுந்தேயிலைக் கணக்கேட்டை அச்சிடும் சிறு சி நிரல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயியின் பெயர் பழைய எட்டு-பிட் தமிழ் எழுத்துருவில், அதையடுத்துக் கிலோ கணக்கு, இப்படியே வரி வரியாக ஒரு கோப்பு. நிரல் அதை ஓர் எழுத்தாகப் படித்து, ‘சார்’ வகை மாறியில் வைத்து, கோப்பு முடிந்ததா என்று −1 உடன் ஒப்பிடுகிறது. மடிக்கணினியில் பட்டியல் அச்சாகிறது. கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் மாணவர்களுக்குக் காட்டலாம் என்று ராஸ்பெர்ரி பையில் கட்டினால், பட்டியல் முடிந்த பின்னும் நிரல் நிற்பதில்லை. திரை முழுவதும் ஒரே குப்பை எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது.

இன்டெல் கணினியில் ‘சார்’ குறியுடைய எண், −128 முதல் 127 வரை. ஆர்ம் லினக்ஸில் அது குறியற்றது, 0 முதல் 255 வரை. கோப்பு முடிந்ததைச் சொல்லும் −1 ஆர்மில் அந்த மாறிக்குள் நுழைந்தவுடன் 255 ஆகிவிடுகிறது. 255 எந்நாளும் −1க்குச் சமமாகாது என்பதால் சுழல் முடிவதே இல்லை. ‘எஃப்சைன்டு-சார்’ கொடுத்தால் சுழல் நின்றுவிடும். பலர் இந்த இடத்திலேயே வேலை முடிந்ததாகக் கருதிவிடுகிறார்கள். ஆனால் எட்டு-பிட் எழுத்துருவில் 255ஆம் இடத்தில் ஒரு தமிழ் எழுத்து இருந்தால், குறியுடைய ‘சார்’ அதை −1 ஆகவே பார்க்கும். அந்த எழுத்து வரும் பெயரோடு கோப்பு முடிந்துவிட்டதாகக் கருதி, மீதமுள்ள விவசாயிகளின் கணக்கைச் சொல்லாமலே விட்டுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. அந்த மாறியைச் ‘சார்’ என்பதிலிருந்து ‘இன்ட்’ என மாற்றுவதே சரியான திருத்தம். ஒரே ஒரு சொல்தான். இதைத் தனி பேட்ச் ஆக்கி, மேற்கண்ட இரு காரணங்களையும் அதன் தலைப்பில் எழுதி, 255 என்ற பைட் இருக்கும் ஒரு மாதிரிக் கோப்பைச் சோதனையாகப் பொதியில் சேர்த்துவிட்டால், பின்னால் பராமரிப்பவர் அதை நீக்கிவிட மாட்டார்.

ஃபோர்ட்ரான் நிரல் ஒவ்வொரு முறையும் வேறு விடை தருகிறது

1970களின் இறுதியில் அமெரிக்கத் தேசிய வானொலி வானியல் ஆய்வகத்தில் தொடங்கிய எய்ப்ஸ் உட்பட, அக்காலத்து வானியல் மென்பொருளில் பெரும்பகுதி ஃபோர்ட்ரானே. துணைநிரலின் உள்மாறிகள் ஓர் அழைப்பிலிருந்து அடுத்த அழைப்புவரை தம் மதிப்பைத் தக்கவைத்துக்கொள்ளும் என்று அன்றைய நிரலாளர் பலர் கொண்டனர். அவர்களுடைய கணினிகளில் அது உண்மையாகவும் இருந்தது. இன்று அவை அடுக்கு நினைவகத்தில் வைக்கப்படுவதால் அழைப்புதோறும் அங்கே எது கிடந்ததோ அதுவே மதிப்பாகிறது. ஜிஃபோர்ட்ரான் கம்பைலருக்கு ‘எஃப்நோ-ஆட்டோமேடிக்’ கொடுத்துப் பாருங்கள். விடை நிலைத்தால் காரணம் இதுவே. உரிய இடங்களில் ‘சேவ்’ வரியைச் சேர்ப்பது நிலையான தீர்வு.

விடை மாறாமல் இருந்து, பழைய கணினியின் விடையோடு கடைசி இலக்கங்களில் மட்டும் வேறுபட்டால் பதற வேண்டாம். பழைய 32-பிட் இன்டெல் கணக்கு 80-பிட் துல்லியத்தில் நடந்தது. 64-பிட் சூழலில் 64-பிட் துல்லியத்தில் நடக்கிறது. இதைத் திருத்த முயலாமல், சோதனையில் ஏற்கத்தக்க வேறுபாட்டின் அளவை எழுதிவையுங்கள். அளவுருக்களின் வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் மறுத்தால், அது ஜிசிசி 10 முதல் வந்த கண்டிப்பு; ‘எஸ்டிடி=லெகசி’ விருப்பம் அதைத் தளர்த்தும்.

தமிழ் உரை குப்பையாகத் தெரிகிறது

குப்பை எந்த வகையானது என்று பாருங்கள். மேற்கோடுகளும் புள்ளிகளும் கொண்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் தரவு கெடவில்லை, குறியாக்கம்தான் வேறு. யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கமாக இருந்தால் லினக்ஸில் உள்ள ஐகான்வ் நிரலே யூனிகோடுக்கு மாற்றித் தரும். ஜிலிப்சியில் திஸ்கி மாற்றி உள்ளது. அந்தக் குறியாக்கத்தை அறியேன் என்று ஐகான்வ் சொன்னால், ஃபெடோரா போன்றவற்றில் அரிதான குறியாக்கங்கள் கூடுதல் பொதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; அதை நிறுவுங்கள். 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய டாப், டாம் குறியாக்கங்களுக்கும், தனி எழுத்துருக்களுக்கும் வேறு மாற்றிகள் வேண்டும்.

மாற்றிய பின் ‘கொ’ இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு தனியே புள்ளிவட்டத்தோடு முன்னால் நின்றால், உங்கள் மாற்றி பைட்டுக்கு பைட் மட்டுமே மாற்றுகிறது என்று பொருள். பழைய குறியாக்கங்களில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையில், மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டது. யூனிகோடில் மெய்க்குப் பின்னால் வர வேண்டும். இடம் மாற்றத் தெரிந்த மாற்றியே தேவை.

தமிழ் எழுத்துகள் சாதாரண ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் மாறியிருந்தால் அது வேறு நோய். பழைய யூனிக்ஸ் நிரல்கள் பல, எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்று எட்டாவது பிட்டை வெட்டின. அந்த வெளியீட்டிலிருந்து தமிழை மீட்க இயலாது. மூலக் கோப்பிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். பொதியில் உள்ள விளக்கக் கோப்புகளைப் பொறுத்தவரை, திஸ்கி மூலத்தை அப்படியே வைத்து, யூனிகோடுப் படியை அதன் அருகே சேர்ப்பதே என் வழக்கம்.

ஆண்டு 19126 என்று அச்சாகிறது

சி நூலகம் ஆண்டை 1900லிருந்து எண்ணித் தருகிறது (2026க்கு 126). நிரல் அதன் முன்னால் 19 என்று ஒட்டுகிறது. அன்றாடம் பயன்படப்போகும் நிரலானால் திருத்துங்கள். காட்சிக்கு மட்டும் என்றால் திருத்தாமல், ஃபேக்டைம் நூலகத்தைக் கொண்டு அதன் காலத்துத் தேதியை ஊட்டி ஓட்டலாம். அந்தப் பிழையும் வரலாற்றின் ஒரு பகுதியே என்பது என் கருத்து.

எல்லாம் ஓடுகிறது, உரிமம் மட்டும் இல்லை

தொழில்நுட்பச் சிக்கல்களைவிட அதிகப் பொதிகளை நிறுத்திவைப்பது இதுதான். உரிமம் எழுதாத நிரல் பொதுச்சொத்தாகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி கணினி நிரல் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது; ஆசிரியர் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். ஊழியராக இருந்து எழுதியிருந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை, உரிமை வேலை கொடுத்தவருடையது. ஆகவே குன்னூரில் ஓய்வுபெற்று வாழும் நிரலாளர் ஒருவர், “தாராளமா எடுத்துக்கோங்க தம்பி” என்று மனம் உவந்து சொன்னாலும், அதை அவர் யாருக்காக எழுதினார் என்று பணிவோடு கேட்டாக வேண்டும். அவருடையதே என்றால், எந்த நிரல், எந்தப் பதிப்பு, எந்த உரிமம் என்பதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கி, அதைப் பொதியின் பதிப்புரிமைக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

காலம் கடந்துவிட்டதே என்று கேட்காமல் இருக்காதீர்கள். பழைய யூனிக்ஸ் பதிப்புகளைக் கால்டெரா நிறுவனம் 2002இல் பிஎஸ்டி வகை உரிமத்தில் விட்டுக்கொடுத்தது. 1970களில் வில் க்ரௌதரும் டான் வுட்ஸும் எழுதிய அட்வென்ச்சர் விளையாட்டு, அவர்களின் இசைவோடு 2017இல் கட்டற்ற மென்பொருளானது. எம்எஸ்-டாஸ் 4.00இன் மூலநிரல் 2024இல் எம்ஐடி உரிமத்தில் வந்தது. மூன்றிலும் உரிமையாளரின் எழுத்து மூலமான இசைவே கதவைத் திறந்தது.

பொதி சேர்ந்தது, சில ஆண்டுகளில் தொகுப்பிலிருந்து காணாமல் போனது

டெபியன் அருங்காட்சியகமன்று. கடுமையான வழு திருத்தப்படாமல் கிடந்தால் பொதி முதலில், அடுத்த வெளியீட்டுக்கான டெஸ்டிங் கிளையிலிருந்து தானாகவே விலகும்; பராமரிப்பாளரும் இல்லையென்றால் பின்னர் முற்றிலும் நீக்கப்படும். இது நியாயமான விதி, அதோடு வாதிட வேண்டியதில்லை. முதலில் நீக்கக் காரணத்தைப் பொதியின் கண்காணிப்புப் பக்கத்தில் படியுங்கள். நீக்கத்துக்கு முந்தைய கடைசி மூலப்பொதி, பேட்ச்கள் அனைத்தோடும், ஸ்னாப்ஷாட் சேவையில் இருக்கும். காரணமான வழுவை அதன் மேல் திருத்தி, பராமரிக்க முன்வருவதாக அறிவித்து, புதிய பொதிகளுக்கான வரிசையில் மீண்டும் செலுத்த வேண்டும். நீக்கத்தின்போது மூடப்பட்ட பழைய வழு அறிக்கைகளைப் பார்த்து, தீராதவற்றைத் திறக்கவும் வேண்டும்.

நிரலின் சொந்தத் தளம் மறைந்திருந்தால், அதே மூலத்தை ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைத்து, பிரான்சின் இன்ரியா நிறுவனம் 2016இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் ஆவணகத்தைச் சேமிக்கச் சொல்லுங்கள். அது தரும் அடையாளக் குறி உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், களஞ்சியம் இடம் மாறினாலும் குறி மாறாது. அந்தக் குறியையும், முதல் நாள் எழுதிவைத்த ஷா256 மதிப்பையும் பொதியின் விளக்கக் கோப்பில் அடுத்தடுத்த வரிகளில் எழுதிவிட்டுச் செலுத்துங்கள்.